கணப்பு இருக்கும் பெரிய கூடத்துக்கு வெளிச்சம்: கேள்வி பதில்

கணப்பு, அதாவது ஃபயர்பிளேஸ், இருக்கும் பெரிய கூடங்களைப் பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: “என்ன செய்தாலும் இருட்டடித்தே கிடக்கிறது.” வீடுகளை உள்ளே அலங்கரித்துக் கொடுப்பது என் தொழில். இந்தக் குறையை நான் கேட்காத மாதம் கிடையாது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையையோ கூரையையோ அதிகம் பார்ப்பதில்லை, சுவர்களைத்தான் பார்க்கிறது. சுவரில் ஒளி விழுந்தால் அறை வெளிச்சமாகத் தெரியும். விழாவிட்டால் எத்தனை பல்பு போட்டாலும் மங்கல்தான்.

கேள்வி: அக்கா, எங்கள் கூடம் 20 அடிக்கு 15 அடி. கூரை நடுவில் ஒரே விளக்கு. பெரிய பல்பாக மாற்றிக்கொண்டே போகிறோம். மூலைகள் இருட்டாகவே இருக்கின்றன, நடுவில் உட்கார்ந்தால் கண் கூசுகிறது. இன்னும் எவ்வளவு கூட்டுவது?

கூட்ட வேண்டாம், பிரியுங்கள். கணக்கைப் பார்ப்போம். உங்கள் கூடம் 300 சதுர அடி, ஏறக்குறைய 28 சதுர மீட்டர். விளக்கு தரும் ஒளியை லூமென் என்ற அலகில் அளப்பார்கள்; ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் அது ஒரு லக்ஸ். மாலையில் பேசிக்கொண்டிருக்க 150 லக்ஸ் ஒளி தாராளம். அதற்கு 4,200 லூமென் வந்து சேர வேண்டும். விளக்குக் கூண்டு, சோஃபாத் துணி, கருத்த மரம் எல்லாம் பாதியை விழுங்கிவிடும் என்று வைத்துக்கொண்டால், விளக்குகளிலிருந்து 8,000 லூமென் அளவுக்குப் புறப்பட வேண்டும். பழைய 60 வாட் குண்டு பல்பு ஒன்று தந்தது சுமார் 800 லூமென். அதாவது பத்து பல்பு.

அந்தப் பத்தையும் நடுக்கூரையில் கட்டித் தொங்கவிட்டதுதான் இப்போதைய நிலைமை. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால்வாசியாகிவிடும். அதனால்தான் உங்கள் தலைக்கு மேல் கூசுகிறது, மூலைக்குப் போய்ச் சேரவில்லை. அதே 8,000 லூமெனை ஆறேழு இடங்களில், வெவ்வேறு உயரங்களில் வையுங்கள். கணப்பின் இரு பக்க மூலைகளிலும் மேல்நோக்கி ஒளி வீசும் நிற்கும் விளக்குகள் இரண்டு. சோஃபாவின் இரு முனைகளிலும் மேஜை விளக்குகள். படிக்கும் நாற்காலியின் தோளுக்குப் பின்னால் ஒன்று. படமோ புத்தக அலமாரியோ இருக்கும் சுவரை நனைக்கிற மாதிரி ஒன்றிரண்டு. நடு விளக்கைக் கழற்ற வேண்டாம், ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பொருத்தி அடக்கி வையுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க முடியாதென்றால், கணப்பை ஒட்டிய மூலை விளக்குகளை முதலில் வாங்குங்கள். கூடத்திலேயே அதிக இருட்டு அங்கேதான் தேங்குகிறது.

கேள்வி: கணப்புச் சுவர் முழுக்க அடர் சிவப்புச் செங்கல். அறையை வெளிச்சமாக்க மற்ற மூன்று சுவர்களுக்கும் தூய வெள்ளை அடித்தோம். இப்போது செங்கல் முன்பைவிடக் கருப்பாகத் தெரிகிறது! எங்கே தவறினோம்?

பெயின்டில் தவறில்லை, பக்கத்தில் பக்கத்தில் வைத்ததில்தான். பாரீஸில் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர். அங்கே நெய்யும் துணிகளில் கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறது என்று புகார் வந்தது. சாயத்தைச் சோதித்தார், குறை ஒன்றுமில்லை. கறுப்பைச் சுற்றி நெய்திருந்த நீல, ஊதா நூல்கள்தான் கண்ணை மாற்றின. ஒரு நிறம் தன் அண்டையில் இருப்பதைத் தனக்கு எதிர்த்திசையில் தள்ளும் என்று 1839-இல் அவர் விரிவாக எழுதினார். உங்கள் வெள்ளைச் சுவர் செங்கலை அப்படித்தான் இருட்டுக்குள் தள்ளியிருக்கிறது. நல்ல வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பித் தரும். கருஞ்சிவப்புச் செங்கலோ அதில் சிறு பங்கைத்தான் தரும். இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

பாலம் போட இரண்டு வழி. ஒன்று, சுவர்களின் வெள்ளையைக் கொஞ்சம் இறக்குவது. மஞ்சளோ மணலோ கலந்த பால்வெள்ளை செங்கலோடு ஒத்துப்போகும். இன்னொன்று, செங்கலை ஏற்றுவது. தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்த பெயின்டைத் தடவித் துணியால் ஒற்றி எடுக்கலாம், சுண்ணாம்பு அடிக்கலாம், முழுப் பெயின்டும் அடிக்கலாம். என் கை எப்போதும் சுண்ணாம்பு பக்கம்தான் போகும். செங்கலின் சொரசொரப்பும் நிற வேறுபாடும் அடியில் தெரியும், செங்கல் மூச்சுவிடும், ஈரம் காய்வதற்குள் சில இடங்களில் தேய்த்து எடுத்துவிடவும் முடியும். முழுப் பெயின்ட் செங்கலின் துளைகளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். தயவுசெய்து ஒரு வாரம் யோசித்துவிட்டு டப்பாவைத் திறங்கள்.

எதைப் பூசினாலும் முதலில் புகைக்கரியைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். கரியின் மேல் பூசினால் சில மாதங்களில் பழுப்பு மேலே கசியும். தீ எரியும் குழிக்குள் சாதாரணச் சுவர்ப் பெயின்ட் கூடவே கூடாது. அங்கே 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்கும் என்று டப்பாவில் எழுதியிருக்கும் வெப்பப் பூச்சு மட்டுமே. பழைய வீடு என்றால் இருக்கும் பெயின்டில் ஈயம் உண்டா என்று சோதிக்காமல் சுரண்ட வேண்டாம்.

கேள்வி: கணப்புக்கு மேல் பெரிய கண்ணாடி மாட்டினால் வெளிச்சம் இரட்டிப்பாகும் என்கிறார்களே?

எதிரே ஜன்னல் இருந்தால் ஆகும். எதிரே இருட்டு நடைவழி இருந்தால் இருட்டு இரட்டிப்பாகும். மாட்டுமுன் ஒருவரை அந்த இடத்தில் கைக்கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லி, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். அதில் தெரிவதைத்தான் தினமும் பார்க்கப் போகிறீர்கள்.

கேள்வி: என் கணவருக்கு டிவியைக் கணப்பின் மேல்தான் மாட்ட வேண்டுமாம். நீங்கள் சொன்னால் கேட்பார் அக்கா.

அவரிடம் இரண்டு சோதனைகளைச் செய்யச் சொல்லுங்கள். சோஃபாவில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து 42 அங்குல உயரத்தில் இருக்கும். கணப்பின் மேல்பலகையே பல வீடுகளில் நாலரை அடி. அதற்கு மேல் டிவியின் நடுப்பகுதி ஆறு அடியைத் தொடும். அந்த உயரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு ஒரு மணி நேரம் அதையே பார்க்கட்டும், கழுத்து பதில் சொல்லும். அடுத்தது, தீ மூட்டி ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் ஒரு வெப்பமானியை வையுங்கள். பெரும்பாலான டிவிகள் 40 டிகிரி செல்சியஸ் வரைக்கும்தான்.

எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அணைந்த டிவி ஒரு கறுப்புச் சதுரம், அணைந்த கணப்பும் ஒரு கறுப்புச் சதுரம். ஒன்றின் தலையில் இன்னொன்றை ஏற்றினால் கூடத்தின் முகமே இருண்டுவிடும். அதே சுவரில் பக்கவாட்டில், தாழ்வான அலமாரி மேல் வையுங்கள். சோஃபாவைத் திருப்பாமலே தீயையும் பார்க்கலாம், டிவியையும் பார்க்கலாம்.

கேள்வி: கூடம் முழுக்கக் கருத்த மரப்பலகை அடித்த சுவர்கள். அப்பா தன் கையால் இழைத்து அடித்தது. அவர் இப்போது இல்லை. எல்லோரும் வெள்ளை பெயின்ட் அடி என்கிறார்கள், மனசு வரவில்லை. இருட்டும் தாங்கவில்லை.

அடிக்க வேண்டாம். மனசு வராத வேலையை, தினமும் வாழும் கூடத்தில் செய்யக் கூடாது.

மரம் ஒளியை விழுங்குவது உண்மை. ஆனால் பழைய மரத்தின் கருமையில் பாதி மரத்துடையது அல்ல. பல ஆண்டுப் புகையும் மெழுகும் படிந்து இறுகியது. கண்ணில் படாத ஒரு மூலையில், மெழுகு நீக்கும் திரவத்தை மென்துணியில் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். துணியில் வருவது பழுப்பாக இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். அப்பா இழைத்த ரேகைகள் அடியில் காத்திருக்கின்றன.

பிறகு சுவரை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெளுப்பாக்குங்கள். கூரைக்குப் பளபளப்பில்லாத வெள்ளை. தரையில் பால்நிறக் கம்பளம், சுற்றிலும் ஓரடி தரை தெரியும் அளவுக்குப் பெரியதாக. சோஃபா உறைகள் வெளிர் நிறத்தில். விளக்குகளைப் பலகைக்கு ஓரடி இரண்டடி தள்ளி வைத்து, ஒளி மரத்தின் மேல் வழியும்படி செய்யுங்கள். அப்போது மரம் தேன் மாதிரி மின்னும். பல்பு வாங்கும்போது சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான எண் அது. மலிவான எல்.இ.டி.களில் சிவப்பு குறைவு, அவற்றின் கீழ் நல்ல மரமும் சாம்பல் பூத்துத் தெரியும்.

என்றாவது மனம் மாறினால், கணப்பு இருக்கும் ஒரு சுவரை மட்டும் பூசுங்கள். கறை தடுக்கும் ப்ரைமர் அடிக்காமல் பூசினால் மரத்தின் சாறு வெள்ளையில் மஞ்சளாகக் கசியும். மற்ற மூன்றும் அப்பாவுடையதாகவே இருக்கட்டும்.

கேள்வி: பல்பு வெள்ளை ஒளியா, மஞ்சள் ஒளியா?

பல்பு டப்பாவில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும்; அது குறைந்தால் ஒளி மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை. கணப்பு உள்ள கூடத்துக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரை. ஒரே அறையில் கலக்காதீர்கள். 6500 கெல்வின் பல்பு நள்ளிரவில் ஆஸ்பத்திரி வராந்தாவை நினைவூட்டும், தீயின் நிறத்தோடும் சண்டை போடும்.

கேள்வி: நாங்கள் கணப்பில் தீ மூட்டுவதே இல்லை. கூடத்தின் நடுவில் ஒரு கரிய ஓட்டையாக நிற்கிறது.

முதலில் ஆள் வைத்துப் புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள். பறவைக்கூடும் பழைய கரியும் இருக்கும். இனி எப்போதும் மூட்டப் போவதில்லை என்று முடிவானால் மேல்வழியை அடைக்கலாம், ஆனால் சிறு காற்றுத் துளை விட்டு அடையுங்கள். முழுக்க அடைத்த புகைபோக்கியில் ஈரம் தேங்கிச் சுவரில் கறையாக இறங்கும்.

அதன் பிறகு அந்த ஓட்டையை ஒளியின் இடமாக மாற்றுங்கள். 1796-இல் கவுன்ட் ரம்ஃபோர்டு என்ற விஞ்ஞானி கணப்புகளைத் திருத்தியபோது குழியின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து விரித்தார். வெப்பம் புகைபோக்கிக்குள் ஓடிப்போகாமல் அறைக்குள் திரும்புவதற்காக. உங்கள் கணப்பும் அப்படி விரிந்ததாக இருந்தால், உட்புறத்துக்கு வெளிர் பூச்சு அடித்து உள்ளே ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை மறைத்து வையுங்கள். சாய்ந்த சுவர்கள் ஒளியையும் அப்படியே உங்கள் பக்கம் அனுப்பும். ஆழமான குழியென்றால், பட்டை வெளுத்த மரத்துண்டுகளை வெட்டுமுகம் தெரிய வாய் நிறைய அடுக்குங்கள். அந்த வட்டங்களே வெளிச்சம் மாதிரித் தெரியும். இரண்டிலும் தீ மட்டும் கூடாது. எரிவாயுக் குழாய் வந்திருந்தால் அதைத் தொழில் தெரிந்தவர் மூடித் தரட்டும்.

கேள்வி: சோஃபாக்களைச் சுவரோரம் போட்டிருக்கிறோம். இடம் தாராளம், ஆனால் ரயில்வே காத்திருப்பு அறை மாதிரி இருக்கிறது.

உள்ளே இழுங்கள். எதிரெதிரே உட்காருபவர்களுக்கு இடையே 8 அடிக்கு மேல் போனால் குரல் உயர்த்த வேண்டியிருக்கும். சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் 16 அங்குலம், நடக்கும் வழிக்கு இரண்டரை முதல் மூன்று அடி, தீயிலிருந்து எந்தத் துணி இருக்கையும் மூன்றடி தள்ளி. மிச்சம் கிடக்கும் இடத்தில் ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளும் ஒரு விளக்கும்.

கேள்வி: பகலில்கூட விளக்கு போடுகிறோம். ஜன்னல் பெரியதுதான்.

திரைச்சீலைக் கம்பி ஜன்னல் அகலத்துக்கே இருக்கிறதா? இருபுறமும் பத்து அங்குலம் நீட்டிப் போடுங்கள். திரையை விலக்கினால் துணி முழுவதும் சுவர் மேல் போய் நிற்கும், கண்ணாடி முழுதும் திறக்கும். பிறகு கண்ணாடியை இரு பக்கமும் கழுவுங்கள்.

கேள்வி: கணப்பின் மேல்பலகையில் காய்ந்த பூமாலைகளும் குடும்பப் படங்களும் வைக்க ஆசை. ஆபத்து உண்டா? நாங்கள் தீ மூட்டுவோம்.

காய்ந்த பூ வேண்டாம், தொங்குவது எதுவுமே வேண்டாம். மரப்பலகைக்கே கணக்கு இருக்கிறது. தீவாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரம் கூடாது. 12 அங்குலம் வரை, தள்ளியிருக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) அங்குலம்தான் முன்னால் நீட்டலாம். எட்டு அங்குலம் மேலே இருக்கும் பலகை ஓர் அங்குலம் நீட்டலாம், அவ்வளவே. உங்களுடையதை இன்றே அளந்துவிடுங்கள்.

படங்களைத் தாராளமாக வையுங்கள், அசல் பிரதிகளை வேண்டாம். வெப்பமும் புகையும் சில குளிர்காலங்களில் அவற்றை மஞ்சளாக்கிவிடும். நகல் எடுத்துச் சட்டமிட்டு, பெரியது ஒன்றை நடுவிலிருந்து கொஞ்சம் விலக்கிச் சாய்த்து, சிறியவற்றை அதன் மேல் லேசாக ஏறும்படி வைத்து, மேலிருந்து ஒரு சிறு படவிளக்கு போடுங்கள். பாட்டி படத்தை ஒளி நேராக விழும் இடத்தில் வையுங்கள்.