கரையடியில் தண்ணீர் ஊறுகிறதா? அவசரப்பட்டு அடைக்காதீர்கள்

அணைக்கரைக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி வீடு வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: மேட்டூரில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடி திறந்ததிலிருந்து எங்கள் பக்கம் கரையடியில் தண்ணீர் ஊறுகிறது, களிமண் போட்டு அடைக்கலாமா, இவ்வளவு பெரிய அணை இருந்தும் ஏன் பிடித்து வைக்க முடியவில்லை?

அணை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடி வீதம் ஒரு நாள் வந்தால் கிட்டத்தட்ட 13 டி.எம்.சி., அதாவது காலியாகக் கிடந்தாலும் ஒரு வாரத்தில் ததும்பிவிடும். போதாததற்கு, இது பாசனத்துக்காக நிரப்பி வைக்கும் அணை. 120 அடியைத் தொட்டபின் வருவதை அப்படியே கீழே விட வேண்டியதுதான். அந்த வெள்ளத்தை, காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பில், கொள்ளிடத்துக்குத் திருப்புகிறார்கள், காவிரியும் வெண்ணாறும் அவ்வளவு தாங்காது. டெல்டா தப்பிக்க நீங்கள் கரையில் காவல் இருக்கிறீர்கள், என்ன செய்வது!

சரி, ஊற்றுக்கு வருவோம். ஆறு நிறைய ஓடும்போது கரையடியில் கொஞ்சம் கசிவது சகஜம். கசிவு தெளிவாக இருந்தால் கண் வைத்தால் போதும். கலங்கலாக வந்தாலோ, சோறு கொதிப்பதுபோல் மணல் குமிழ்ந்து சுற்றிலும் சின்ன மேடு கட்டினாலோதான் ஆபத்து, கரைக்கு அடியிலிருந்து மண் அரிக்கப்பட்டு வெளியே வருகிறது என்று அர்த்தம். அப்போதும் வாயை அடைக்கக் கூடாது, அடைத்தால் அழுத்தம் பக்கத்தில் வேறு இடத்தைப் பிளக்கும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் உயர விடுங்கள், ஒரு மட்டத்துக்கு மேல் மண் வருவது நின்று தெளிந்த நீர் மட்டும் வழியும். அதற்குமேல் அடுக்க வேண்டாம். எலி வளை, நண்டு வளையாக இருந்தால் ஆற்றுப் பக்கத்து வாயைத்தான் அடைக்க வேண்டும், அதுவும் வெள்ளத்தில் நீங்களாக இறங்கி அல்ல.

மண் வர ஆரம்பித்ததுமே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லிவிட்டு, பிள்ளைகளையும் மாடுகளையும் மேட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில் கலங்கலா தெளிவா என்று தெரியாது. ஒரு டம்ளரில் பிடித்து ஐந்து நிமிடம் ஆடாமல் வைத்து, அடியில் மணல் நிற்கிறதா என்று பாருங்கள்.