இணையதளம் வேகமாக வரப் படங்களைச் சுருக்கினால் மங்கிப்போகின்றன. தரம் கெடாமல் அளவைக் குறைப்பது எப்படி?

பெரும்பாலும் நீங்கள் தரத்தைத்தான் குறைத்திருப்பீர்கள். முதலில் குறைக்க வேண்டியது நீள அகலத்தை. நானும் இரண்டையும் அளவுக்கு மீறிக் குறைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

காரைக்குடியில் சிறு கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணனுக்கு, அவர் வார்க்கும் கற்களைக் காட்ட ஒரு பக்கம் செய்தேன். 24 படங்கள், எல்லாம் கைப்பேசியில் எடுத்தவை, ஒவ்வொன்றும் 4 எம்பிக்கு மேல். அப்படியே ஏற்றினேன். என் வீட்டு பிராட்பேண்டில் சிக்கல் தெரியவில்லை. பட்டறையில் அவர் கைப்பேசியில் திறந்தால், முதல் கல் முழுதாகத் தெரிவதற்குள் டீ சொல்லி, டீ வந்து, குடித்தும் முடித்துவிட்டார். "தம்பி, இதற்கு வாடிக்கையாளர் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிடலாமே" என்றார்.

அன்று இரவே ரோஷத்தில் எல்லாப் படத்தையும் 400 பிக்சல் அகலத்துக்கு இறக்கி, தரத்தை நூற்றுக்கு 30 ஆக்கிச் சேமித்தேன். பக்கம் பறந்தது. மறுநாள் காலையில் அழைப்பு. "யார் வார்த்த கல் இது? சிவப்பு பச்சைக்குள் ஓடியிருக்கிறது. இப்படி ஒரு கல் வந்தால் நான் பட்டறையை விட்டு வெளியே அனுப்பமாட்டேன்."

ஆத்தங்குடிக் கல் வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, கட்டம் கட்டமாக வண்ணச் சிமெண்ட் கரைசலை ஊற்றுவார்கள். நிறங்கள் கலக்காமல் அந்த அச்சைத் தூக்குவதில்தான் கைத்திறமையே இருக்கிறது. அவர்கள் கையில் கலக்காததை நான் கணினியில் கலந்துவிட்டேன்.

காரணம் இதுதான். நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பிடிக்கும், நிற வேறுபாட்டை அந்த அளவுக்குப் பிடிக்காது. அதை நம்பி ஜேபெக் (JPEG) என்ற பட வடிவம் வெளிச்சத்தை முழுதாக வைத்துக்கொண்டு, நிறத்தைப் பொதுவாக நான்கு பிக்சலுக்கு ஒன்று என்று சுருக்கிவிடும். தேக்குத் தூணிலும் மனித முகத்திலும் இது தெரியவே தெரியாது. அடர்சிவப்பும் பச்சையும் வெட்டினாற்போல் சந்திக்கும் கோட்டில் காட்டிக்கொடுத்துவிடும். தரத்தை 30க்குத் தள்ளினால் கேட்கவே வேண்டாம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கைப்பேசிப் படம் 4000க்கு 3000, அதாவது 1.2 கோடி பிக்சல். பெரும்பாலான கைப்பேசித் திரைகளின் அகலம் 1080 பிக்சலை ஒட்டித்தான் இருக்கும். படத்தை 1200க்கு 900 ஆக்கினால் 10.8 லட்சம் பிக்சல், பதினோரு பங்கில் ஒரு பங்கு. திரையில் பார்ப்பவருக்கு இழப்பு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு தரத்தை 80 வைத்தால் போதும். எனக்கு ஒரு படம் சுமார் 200 கேபிக்கு வந்து நின்றது.

ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவியில் செய்தேன். உலாவியிலேயே ஓடும், படம் உங்கள் கணினியை விட்டு வெளியே போகாது. அதில் குரோமா சப்சாம்பிளிங் என்று ஒரு தேர்வு உண்டு. நிறத்தைச் சுருக்குவது அதுதான். கற்களுக்கு மட்டும் அதை அணைத்தேன். கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்பி (WebP) என்ற பட வடிவம், ஜேபெக்கைவிடக் கால் பங்குக்கு மேல் சிறியதாக வரும் என்பார்கள். பட்டறை, வீடு, ஆட்கள் படங்களுக்கு அதையே பயன்படுத்தினேன். ஆனால் இழப்புள்ள வெப்பி, அதாவது அளவைக் குறைக்கப் படத்தின் நுணுக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் வகை, எப்போதும் நிறத்தைச் சுருக்கியே வைக்கும், அணைக்க வழியில்லை. அதனால் கற்கள் ஜேபெக்கிலேயே இருக்கின்றன.

பக்கத்தின் பின்னணிக்கு ஒரு கூடத்துத் தரையையே படமெடுத்துப் போட்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரே ஒரு கல்லை நறுக்கி வைத்து, அதையே பக்கம் முழுக்கப் பாவும்படி உலாவியிடம் சொன்னால் போதும். கொத்தனார் செய்வதும் அதைத்தானே!

கீழே உள்ள படங்களை, வாசகர் அங்கே இறங்கும்போது மட்டும் வரவையுங்கள் (lazy loading என்பார்கள்). முதல் படத்துக்கு அதைப் போடாதீர்கள், தாமதம்தான் ஆகும். படத்தின் அகல உயரத்தைப் பக்கத்தின் HTML குறியீட்டில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் தொலைபேசி எண்ணை அழுத்தப் போகும் நேரத்தில் பக்கம் குதிக்கும்.

இன்னொன்று, எங்கள் ஊர்ப் பக்கம் முக்கியம். கைப்பேசியில் இருப்பிட வசதி இயங்கினால், எடுத்த இடமும் படத்துக்குள் பதிவாகலாம். பூட்டிக் கிடக்கும் பழைய வீடுகளின் படங்களை அந்தத் தகவலோடு ஏற்றாதீர்கள். நீக்கினால் அளவும் கொஞ்சம் குறையும். ஆனால் எந்தப் பக்கம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற குறிப்பும் அதோடு போய்விடக்கூடும், ஆகவே முதலில் படத்தைத் திருப்பிச் சேமியுங்கள். எனக்கு இரண்டு தூண்கள் படுத்துவிட்டன.

மூலப்படங்களை அழிக்காதீர்கள். ஜேபெக்கை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தேயும்.

புதிய பக்கத்தை அண்ணனிடம் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "கோடு சுத்தமாக இருக்கிறது. சிவப்பு மட்டும் கொஞ்சம் கூடுதல்" என்றார். அது அவர் கைப்பேசித் திரையின் வேலை. நான் வாதாடவில்லை.