சக ஊழியரின் காலண்டரைப் பார்த்துவிட்டு டீக்குக் கூப்பிடலாமா?

அலுவலகத்தில் எல்லாருடைய அவுட்லுக் காலண்டரும் தெரிகிறதே, கூட்டம் போட மட்டும்தானா அது என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் நாங்கள் அதைத் திறப்பதே பெரும்பாலும் ஆளைப் பிடிக்கத்தான். கணக்குப் பிரிவு அக்காவுக்கு 3 மணிக்கு ஒரு கூட்டம் முடிகிறது, அடுத்தது 3.30க்கு என்றால், 3.05க்கு அறை வாசலில் நின்று "தே தாரிக் குடிக்கப் போவோமா அக்கா?" என்பேன். கடை வரிசையில் நிற்கும்போதே பாதி விஷயம் முடிந்துவிடும். அழைப்பு அனுப்பியிருந்தால் அது அரை மணி நேரக் கூட்டமாகியிருக்கும்.

ஆனால் காலண்டர் கட்டத்தை அப்படியே நம்பாதீர்கள். காலியாக இருந்தால் ஆள் சும்மா இருக்கிறார் என்று அர்த்தமில்லை. நிறைந்திருப்பதும் பல சமயம் 'சோப்' வேலைதான்: உணவங்காடி மேசையில் டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடிப்போமே, அதுபோல 12 முதல் 1 வரை 'பிஸி' என்று போட்டு வைப்பார்கள். (நானும்தான்.) பூட்டுப் படம் இருந்தால் அது சொந்த விஷயம், விசாரிக்க வேண்டாம். சாய்கோடு போட்ட கட்டம் இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள், அப்போது டீம்ஸில் "ஃப்ரீயா?" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள்.