சிறு விமானத்தில் எங்கே போவது? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தெற்குக் கலிஃபோர்னியாவில், ஃபுல்லர்டனில் வசிக்கிறேன். சென்ற மாதம்தான் தனியார் விமானி உரிமம் கைக்கு வந்தது. எழுபத்தொரு மணி நேரம் பறந்திருக்கிறேன். அத்தனையும் பறப்போர் கழகத்தின் செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானத்தில். பயிற்சிக் காலத்தில் எங்கே போவது என்பதை ஆசிரியர் முடிவுசெய்தார். இப்போது எனக்கு இடம் தெரியவில்லை. பக்கத்து விமான நிலையத்தில் இறங்கி ஒரு ஹாம்பர்கர் தின்றுவிட்டுத் திரும்புவதைக் கழகத்தில் ‘நூறு டாலர் ஹாம்பர்கர்’ என்கிறார்கள். இதற்காகவா இவ்வளவு செலவு செய்து படித்தீர்கள் என்று என் மனைவி கேட்கிறார். ஆகஸ்டில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வருகிறார்கள். எல்லோரையும் ஏற்றிக்கொண்டு பிக் பேர் ஏரிக்குப் போகலாமா? ஆஷ்காஷ் விமானத் திருவிழாவுக்கும் ஆசை இருக்கிறது. நெடுநாள் பறப்பவர் என்பதால் உங்களிடம் கேட்கிறேன்.

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

வாழ்த்துகள். உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது. விமான வாடகையும் எரிபொருளும் இன்று விற்கிற விலையில் அந்த ஹாம்பர்கர் நூறு டாலரைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. ஆகவே காரில் போனாலும் அதே சுகத்தைத் தருகிற ஊருக்கு விமானத்தில் போவதில் எனக்கு விருப்பமில்லை. இதைத் தவிர நான் வைத்திருக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: விமானத்தை அங்கேயே கட்டிப்போட்டுவிட்டு, வேறு வழியில் வீடு வந்து சேர முடிய வேண்டும். புதிதாக உரிமம் பெற்றவர்கள் போகக் கூடாத வானிலையில் கிளம்புவதற்குத் துணிச்சலைவிட மறுநாள் காலை அலுவலகம் இருப்பதுதான் பெரும்பாலும் காரணம் என்பதை என் கழகத்திலேயே பல முறை பார்த்திருக்கிறேன்.

பிக் பேர் இந்த நிபந்தனையில் தேறிவிடும், சாலை இருக்கிறது. ஆனால் ஆகஸ்டில், நான்கு பேரோடு, வேண்டவே வேண்டாம். அந்த விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 6,752 அடி உயரத்தில் இருக்கிறது. பிற்பகலில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தொட்டால், காற்றின் அடர்த்தி பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு இறங்கிவிடும். எஞ்சின், புரொப்பெல்லர், இறக்கை மூன்றுமே அந்த மெலிந்த காற்றைக் கொண்டுதான் வேலை செய்தாக வேண்டும். எடைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 172-இன் தொட்டிகளில் பயன்படுத்தக்கூடிய 53 கேலன் பெட்ரோல் மட்டுமே 318 பவுண்டு வருகிறது. முழுத் தொட்டியோடு நான்கு பெரியவர்களை ஏற்ற அனேகமாக முடியாது. அக்டோபரில், அதிகாலையில், ஒரே ஒருவரை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள்.

ஆஷ்காஷையும் இந்த ஆண்டு தள்ளிப்போடச் சொல்வேன். ஜூலைக் கடைசியில் விஸ்கான்சினில் நடக்கும் அந்த விழாவுக்கு வருகிறவர்கள் ரிப்பன் என்ற சிற்றூரின் மேல் வரிசையில் சேர்ந்து, இருப்புப்பாதையைப் பிடித்துக்கொண்டு, 1,800 அடி உயரத்தில், 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில், முன்னால் போகும் விமானத்துக்கு அரை மைல் பின்னால் ஃபிஸ்க் வரை போக வேண்டும். அங்கே கட்டுப்பாட்டாளர் உங்கள் விமானத்தின் நிறத்தைச் சொல்லி அழைப்பார். நீங்கள் வாய் திறக்காமல் இறக்கையை ஆட்டிப் பதில் சொல்ல வேண்டும். ஓடுபாதையில் வரைந்திருக்கும் நிறப் புள்ளிகளில் எதில் இறங்கச் சொல்கிறாரோ அதில் இறங்க வேண்டும். இறக்கைக்கு அடியில் கூடாரம் போட்டு உறங்கும் இன்பத்துக்கு ஈடே இல்லைதான், ஆனால் எழுபத்தொரு மணி நேர அனுபவம் அந்த வரிசைக்குப் போதாது.

நான் உங்களுக்குச் சொல்லும் இடம் உங்கள் வீட்டுக்கு எதிரே கடலில் இருக்கிறது: கேட்டலினா தீவு. அதன் விமான நிலையத்தை ‘வானத்தில் உள்ள விமான நிலையம்’ என்பார்கள். இரண்டு மலை உச்சிகளைச் செதுக்கி, நடுப்பள்ளத்தை அந்த மண்ணாலேயே நிரப்பி, 1,602 அடி உயரத்தில் 3,000 அடி நீளத்துக்கு ஓடுபாதை அமைத்தார்கள். பொதுமக்களுக்குத் திறந்தது 1946-இல். பழைய தார்ப்பாதை குண்டும் குழியுமாகிப் போனபின், 2019-இல் அமெரிக்கக் கடற்படையினரும் மரைன் படையினரும் பயிற்சிப் பணியாக அதைக் கான்கிரீட்டில் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

அங்கே இறங்குவது ஒரு கண்கட்டு வித்தை. தென்மேற்கு நோக்கி இறங்கும்போது (அந்தத் திசையில் பாதையின் எண் 22) ஓடுபாதையின் முன்பகுதி மேல்நோக்கிச் சரிந்திருக்கிறது, அதன்பிறகுதான் சமமாகிறது. எனவே சக்கரம் தரையைத் தொட்டதும் எதிரே சிறிது தூரம் கான்கிரீட் தெரியும், அதற்கு அப்பால் வெறும் வானம். பாதை முடிந்து பாறை விளிம்பு வந்துவிட்டது என்று கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். முதல் முறை நானும் மிதித்தேன். மேட்டின் மீது ஏறிப் பார்த்தால் இன்னும் ஆயிரம் அடி மிச்சமிருக்கிறது. அன்று வலது டயரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு தட்டைத் தழும்பு விழுந்தது, கழகத்துக்குப் புது டயர் வாங்கிக் கொடுத்தேன். பாதையின் இந்த முனையில் நிற்பவருக்கு அந்த முனையில் நிற்கும் விமானம் தெரியாது என்பதால் வானொலியில் உங்கள் நிலையை உரக்கவும் தெளிவாகவும் சொல்லிக்கொண்டே இருங்கள். காற்று பலமாக இருந்தால் பாறை விளிம்புக்கு முன்னால் கீழிறங்கும் காற்றோட்டம் உங்களை அமுக்கும். சற்று உயரமாகவே வாருங்கள்.

நடுவே கடல் இருக்கிறது என்ற தயக்கத்துக்கும் கணக்கில்தான் விடை. எஞ்சின் நின்றுபோனால் 172 ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் ஒன்றரைக் கடல் மைல் மிதந்து போகும். பாலோஸ் வெர்டெஸ் முனையிலிருந்து தீவு இருபது கடல் மைலுக்குள் அடக்கம். நடுக்கடலில் 7,500 அடியில் இருந்தால் ஏதாவது ஒரு கரை எட்டிவிடும். அந்த உயரத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நிலையத்தின் வான்வெளி குறுக்கிடும் என்பதால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உயிர்காப்பு உடுப்பைப் பின்னிருக்கையில் வைக்காமல் அணிந்துகொள்ளுங்கள். தீவில் எரிபொருள் கிடைக்காது, திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பிக்கொண்டு போங்கள்.

நிலையத்து உணவகத்தில் கிடைப்பது பைசன் (அமெரிக்கக் காட்டெருமை) பர்கர். 1924-இல் ஒரு படப்பிடிப்புக்காகக் கொண்டுவந்து விடப்பட்டதாகச் சொல்லப்படும் பதினான்கு பைசன்களின் வழிவந்தவை இன்றும் தீவில் மேய்கின்றன. சில நாள் ஓடுபாதைக்கு அருகிலேயே. ஒருமுறை மாலை மூன்று மணிக்குக் கடல்மேகம் மலையேறி வந்து, நான் கட்டிப்போட்டிருந்த விமானத்தின் வால் கண்ணெதிரே மறைந்தது. நிலையத்துப் பேருந்தில் அவலான் துறைமுகத்துக்கு இறங்கி, லாங் பீச் படகைப் பிடித்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். இரண்டு நாள் கழித்து, அதே படகில் போய் விமானத்தைக் கொண்டுவந்தேன்.

குளிர்காலத்துக்கு இன்னோர் இடம்: மரணப் பள்ளத்தாக்கில் உள்ள ஃபர்னஸ் க்ரீக். கடல் மட்டத்துக்கு 210 அடி கீழே இருக்கிறது அந்த நிலையம். இறங்கும்போது உயரமானியின் நீள முள் சுழியத்தைக் கடந்து பின்னோக்கிப் போய், எட்டையும் சற்றுத் தாண்டி நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் கருவி பழுதாகிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றும். 1913 ஜூலையில் 56.7 டிகிரி பதிவான இடம் அது, எனவே கோடையில் அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

எப்போதாவது கிழக்குக் கரைக்குப் போனால், வட கரோலினாவின் கில் டெவில் ஹில்ஸில், ரைட் சகோதரர்களின் நினைவிடத்தை ஒட்டியே ஒரு ஓடுபாதை இருக்கிறது. எரிபொருள் இல்லை, ஒரு நாளுக்கு மேல் விமானத்தை நிறுத்தவும் கூடாது. என் நிபந்தனையில் தேறாத இடம், இருந்தும் போனேன். 1903 டிசம்பர் 17 அன்று அவர்கள் பறந்த நான்கு தூரங்களுக்கும் கல் நட்டிருக்கிறார்கள். முதல் கல் 120 அடியில்: உங்கள் 172-இன் இறக்கை நீளத்தைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நான்காவது 852 அடியில்.

இனி உங்கள் பெற்றோர். முதலில் ஒரு பயிற்றுநரோடு கேட்டலினாவில் இறங்கிப் பழகுங்கள். சில கழகங்கள் அதைக் கட்டாயமாகவே வைத்திருக்கின்றன. பிறகு ஒரு சனிக்கிழமை, கடல்மேகம் கலைந்த பின், அப்பாவை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு நீங்கள் பறந்து போங்கள். அம்மாவும் உங்கள் மனைவியும் லாங் பீச்சிலிருந்து படகில் வரட்டும், ஒரு மணி நேரப் பயணம்தான். அவலானில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். திரும்பும்போது அம்மாவுக்கு விருப்பமிருந்தால் அப்பாவோடு இடம் மாற்றிக்கொள்ளலாம். நிலையத்துக்கும் அவலானுக்கும் இடையில் பத்து மைல் மலைப்பாதை, பேருந்தில் இடம் குறைவு. இரண்டு பேருக்கு முன்னதாகவே பதிவுசெய்துவிடுங்கள்.