கிணறும் அளவியும்: இரசாயனவியல் கேள்வி பதில்

கேள்வி (புதுக்குடியிருப்பு, உயர்தர மாணவி): அக்கா, வளாகத்தில இரசாயனவியல் படிச்சா, படிப்பிக்கிற வேலையைத் தவிர என்ன கிடைக்கும்?

பதில்: அளக்கிற கை கிடைக்கும், தங்கச்சி. கிணற்றுக்குப் போடுற குளோரீன் தூளையே எடுங்கோ. பையில் 30 சதவீதம் என்றிருக்கும். வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த தூளில் அவ்வளவு மிஞ்சாது. கரைசலில் பொற்றாசியம் அயடைட்டும் அசற்றிக்கமிலமும் விட்டால், தூளில் மிஞ்சின குளோரீனுக்கு ஏற்ப அயடீன் கபிலமாக வரும். அளவியிலிருந்து, அதாவது அளவு குறித்த, திருகு உள்ள கண்ணாடிக் குழாயிலிருந்து, அயடீனின் நிறத்தைப் போக்கும் 0.1 மோலர் செறிவுத் தயோசல்பேற்றைத் துளி துளியாக விட வேண்டும். செலவான தயோசல்பேற்று 1 மில்லிலீற்றருக்கு 3.55 மில்லிகிராம் குளோரீன் என்று கணக்கு. வைக்கோல் மஞ்சளாக வெளிறிய பிறகுதான் மாப்பொருள் விட வேண்டும்; அது அயடீனோடு நீலமாகும், நீலம் மறைவதுதான் முடிவு. முந்திப் போட்டால் அயடீன் அதில் ஒட்டிக்கொண்டு லேசில் விடாது, முடிவு பிந்தும். வாசிப்புக் கூடும், தூள் நல்லது என்று நம்பிக் கிணற்றுக்குக் குறைத்துப் போடுவீர்கள். பிழை எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிவதுதான் அந்தப் படிப்பின் பெறுமதி.

கேள்வி (ஒட்டுசுட்டான்): பிள்ளை, வெள்ளம் ஏறின கிணற்றுக்கு எவ்வளவு தூள் போட?

பதில்: முதல்ல சேற்றோட தண்ணியை இறைச்சுப்போடுங்கோ அம்மா. சேறு குளோரீனைத் தின்றுவிடும். ஊறினதும் அளவுங்கோ. விட்டம் 3 மீற்றர், தண்ணி 2 மீற்றர் என்றால் 1.5 × 1.5 × 3.14 × 2, ஏறக்குறைய 14,100 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் 705 கிராம் குளோரீன். 30 சதவீதத் தூள் 2.35 கிலோ, 65 சதவீதமென்றால் 1.1 கிலோ போதும். பிளாஸ்ரிக் வாளித் தண்ணியில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அடையவிட்டு, தெளிவை மட்டும் உட்சுவரிலும் படும்படி ஊற்றுங்கோ. ஒரு இரவு விட்டு, மணம் போகுமட்டும் இறையுங்கோ. அதுவரை குடிக்க வேண்டாம். அந்த வாளியில் கழிவறை அமிலம் எதுவும் படக்கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

கேள்வி (செட்டிகுளம்): கொதிக்க வைச்சா புளோரைட்டு போகுமா?

பதில்: போகாது அண்ணை, கூடும். ஆவியாவது தண்ணி மட்டும். லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் உள்ள 10 லீற்றர் 9 ஆக வற்றினால் 1.67 ஆகும், உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையே 1.5. குளோரீனாலும் போகாது. சோதனைக்குக் கொடுக்கிற தண்ணியைப் பிளாஸ்ரிக் போத்தலில், அதே தண்ணியால் மூன்று முறை அலசிவிட்டு எடுங்கோ. கண்ணாடி புளோரைட்டோடு தாக்கமுறும்.

கேள்வி (மாங்குளம், முதலாம் வருடம்): தண்ணியின்ர வன்மை பார்க்கிற நியமிப்பில (அளவியால துளி துளியா விட்டு அளக்கிறதில) காட்டியின்ர சிவப்பு நீலமா மாறாம இழுபடுது.

பதில்: தாங்கல் கரைசலை, அதாவது பீஎச்சை (அமில, கார அளவை) மாறாமல் வைத்திருக்கிற கரைசலைப் பாருங்கோ தம்பி. மூடி திறந்து கிடந்தால் அமோனியா பறந்து பீஎச் 10 இலிருந்து இறங்கிவிடும். புதிதாகச் செய்துவிட்டு, 50 மில்லிலீற்றர் மாதிரியில் திரும்பச் செய்யுங்கோ.