நோயாளியின் எக்ஸ்றே உலாவியில் தங்காதிருக்க

கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய பல் வைத்திய நிலையம் ஒன்றை நடத்துகிறோம். நோயாளிகள் கடவுச்சொல் கொடுத்துத் தமது எக்ஸ்றே படங்களைப் பார்ப்பதற்கு இணையத்தளம் ஒன்றைச் செய்வித்தோம். காலி வீதியிலுள்ள கொமியூனிகேஷன் கடையொன்றில் தன் படத்தைப் பார்த்த ஒருவர், கணக்கிலிருந்து வெளியேறிய பின்னரும் பின்செல்லும் பொத்தானை அழுத்தியதும் அது மீண்டும் தெரிந்ததாக முறையிட்டார். தளத்தைச் செய்தவர்களோ பக்கத்தில் 'நோ-கேஷ்' என்று ஏற்கெனவே எழுதியிருப்பதாகவும், அதற்கு மேல் வேண்டுமானால் பாதுகாப்புத் தொகுதியைத் தனியாக வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்தத் தொகுதியில் என்னென்ன அடங்கும் என்பதை எழுத்தில் பெறும் வரை வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் குறை, தளத்தை வைத்திருந்து அனுப்பும் கணினியான சேவையகத்தின் அமைப்பில் சில வரிகளை மாற்றினால் தீரக்கூடியது. நோயாளிகளின் படங்களுக்கென்றே செய்யப்பட்ட தளத்தில் அது முதல் விலைக்குள் அடங்கியிருக்க வேண்டிய வேலை என்பதே என் கருத்து.

ஒரு படத்தைக் கணினியில் பிரதியாக வைத்துக்கொள்ளலாமா என்பதை, அந்தப் படத்துடன் சேவையகம் அனுப்பும் தலைப்பு வரிகளை, அதாவது திரையில் தெரியாத அறிவுறுத்தல்களை, பார்த்தே உலாவி முடிவு செய்கிறது. பக்கத்தின் எச்டிஎம்எல் குறிமொழிக்குள் எழுதிய 'நோ-கேஷ்' போன்ற மெட்டா வரி (பக்கத்தைப் பற்றிய குறிப்பு), தனிக் கோப்பாக வந்து சேரும் படத்தைக் கட்டுப்படுத்தாது. போதாக்குறைக்கு, 'நோ-கேஷ்' என்பது பிரதி எடுப்பதைத் தடுப்பதே இல்லை. எடுத்த பிரதியை மீண்டும் காட்டுவதற்கு முன் சேவையகத்திடம் கேட்டுக்கொள் என்று மட்டுமே அது பணிக்கிறது. உங்களுக்குத் தேவையானது, பிரதியே வைக்காதே என்று பணிக்கும் 'கேஷ்-கொன்ட்ரோல்: நோ-ஸ்டோர்' என்ற தலைப்பு வரி. படத்துக்கும் அதைக் காட்டும் பக்கத்துக்கும் அது தனித்தனியாகப் போக வேண்டும். பின்செல்லும் பொத்தானுக்காக உலாவி முழுப் பக்கத்தையும் நினைவகத்தில் வைத்திருப்பதுண்டு என்பதால், வெளியேறும்போது 'கிளியர்-சைட்-டேட்டா' வரியையும் அனுப்பச் சொல்லுங்கள். அதை ஏற்கும் உலாவிகள் அத்தளத்தின் பிரதிகளை அழித்துவிடும்.

இன்று வரியைச் சேர்த்தாலும் நேற்று எடுத்த பிரதி தானாக அழியாது. முன்பு நீண்ட காலக்கெடுவுடன் அனுப்பப்பட்ட படமாக இருந்தால், அது முடியும் வரை உலாவி சேவையகத்தை நாடாமலேயே பழைய பிரதியைக் காட்டக்கூடும். ஆகவே படங்களின் முகவரிகளையும் மாற்றித் தரும்படி கேளுங்கள்.

வேலை முடிந்ததா என்பதை நீங்களே பார்க்கலாம். குரோமில் எஃப்12 விசையை அழுத்தி, 'நெட்வேர்க்' பகுதியைத் திறந்து, படத்தை இரண்டாம் முறை பார்க்கும்போது அளவுக்குரிய இடத்தில் 'டிஸ்க் கேஷ்' என்று வந்தால் படம் வன்தட்டிலிருந்தே வருகிறது. அதைவிட முக்கியமான சோதனை ஒன்றுண்டு: படத்தின் முகவரியை மட்டும் நகலெடுத்து, கணக்குக்குள் நுழையாத வேறொரு கணினியில் ஒட்டிப் பாருங்கள். அங்கும் படம் திறந்தால் பூட்டே இல்லாத வீட்டின் ஜன்னலைப் பற்றித்தான் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம். அதைச் சரிசெய்யாமல் மிகுதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

'நோ-ஸ்டோர்' மட்டுமே அந்தரங்கத்துக்குப் போதுமான காப்பு அல்ல என்று, 2022 இல் வெளியான ஆர்எஃப்சி 9111 என்ற இணையத் தொழில்நுட்ப நியமமே கூறுகிறது. பார்ப்பவர் படத்தைச் சேமிப்பதையோ திரையைப் படமெடுப்பதையோ எந்தத் தலைப்பு வரியாலும் தடுக்க முடியாது. தடுப்பதாக விற்கப்படும் எதையும் சந்தேகியுங்கள். இலங்கையின் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவல்களை விசேட வகையாகக் கருதுவதால், மேற்சொன்ன சோதனைகளை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது உங்களுக்கே காப்பு.

கேள்வி: வீட்டில் கணினி இல்லாத நோயாளி கொமியூனிகேஷன் கடையில் என்ன செய்யலாம்?

பதில்: உலாவியின் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து பார்த்து, முடிந்ததும் அத்தகைய சாளரங்கள் எல்லாவற்றையும் மூடினால் அதில் சேர்ந்த பிரதிகள் நீங்கிவிடும். சாதாரணச் சாளரத்தில் பார்த்திருந்தால் கன்ட்ரோல், ஷிப்ட், டிலீட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி, சேமித்த படங்களையும் கோப்புகளையும் அழிக்கலாம். அச்செடுப்பதற்காகப் பதிவிறக்கிய கோப்பு இந்த இரண்டு வழிகளிலும் அழியாது. பதிவிறக்கக் கோப்புறையிலிருந்தும் பின்னர் குப்பைத் தொட்டியிலிருந்தும் அதைத் தனியாக நீக்க வேண்டும்.