பிப்ரவரியில் ஓர் இங்கிலாந்துக் குடில்

கேள்வி: கணப்படுப்பு, கம்பளி, தேநீர் என்று இங்கிலாந்து கிராமத்துக் குடில்களைப் படத்தில் பார்த்தாலே ஏக்கமாக இருக்கிறது. குளிர்காலக் கடைசியில் அங்கே நிஜமாகவே அவ்வளவு இதமா? (வாசகி, திருச்சி)

பதில்: கணப்புக்குப் பக்கத்தில் இதம்தான், நாலடி தள்ளினால் குளிர் எலும்பைக் குத்தும். பழைய கல் சுவரில் ஈரம் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். ஈர விறகைப் போட்டால் புகை நெஞ்சை அடைக்கும். 2021 மே முதல் அதைச் சிறு கட்டுகளாக விற்க அங்கே தடையே இருக்கிறது.

எனக்கு வீட்டைவிட வாசலுக்கு வெளியே நடப்பதுதான் பெரிது. ஹேசல் செடியில் மஞ்சள் பூச்சரங்கள் தொங்கும், தவளைகள் குட்டைக்கு வந்து, நடுவில் கரும்புள்ளி வைத்த ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி முட்டைகளைக் குவிக்கும், ராபின் பறவையோ குளிர்காலம் முழுக்கப் பாடும், பெட்டையும் சேர்ந்து. அப்புறம் முள்ளெலி. நவம்பர் வாக்கில் இலைகளுக்குள் சுருண்டு படுத்தால் எழ மார்ச் ஆகிவிடும், அதுவரை இதயம் நிமிடத்துக்குச் சுமார் 20 தடவைதான் துடிக்கும். அது படுக்கப் பிடித்த இடங்களில் ஒன்று விறகுக் குவியலின் அடி! நாம் குளிர்காய உருவும் கட்டை அதன் கூரையாக இருக்கலாம். அங்கே தங்கப் போனால் மேல்கட்டைகளை மட்டும் எடுங்கள், அடியில் இலைப்பந்து தெரிந்தால் அப்படியே மூடிவிடுங்கள்.